தடவினால் போகிறது, விட்டால் வருகிறது: கைக் கரப்பானுக்கு ஸ்டீராய்டு களிம்பு எத்தனை நாள் போடலாம்?

கேட்டவர்: ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருஷமாக ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறேன். தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியை வைத்து, அதன் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமெண்டை ஊற்றுவோம். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் கலவை போட்டு அழுத்துவோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மெஷின் எதுவும் கிடையாது, எல்லாம் கைதான். ஈரச் சிமெண்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை படுகிறது என்று நான் எண்ணியதில்லை.

போன வருஷம் மாசியில் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரிப்பு ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் இரண்டு உள்ளங்கையும் தடித்து, வரி வரியாக வெடித்துவிட்டது. சோற்றில் காரக்குழம்பு ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். ஸ்பூனில் சாப்பிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. ஆறு தரம் வைத்துப் பார்த்து, பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போய் மனைவியை அனுப்பினேன்.

காரைக்குடியில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதினார். ராத்திரி ஒரு வேளை மட்டும், இரண்டு வாரம், முடிந்ததும் வந்து காட்டு என்றார். ஐந்தாம் நாளே கை புதுக் கை மாதிரி ஆகிவிட்டது. நல்லாத்தான் ஆகிவிட்டதே, இன்னொரு தரம் எதற்கு ஃபீஸ் என்று ஏழாம் நாளோடு விட்டுவிட்டேன், திரும்பிப் போகவுமில்லை. பத்தே நாளில் மறுபடி வந்துவிட்டது. காலி டியூப்பை மெடிக்கலில் காட்டினேன். சீட்டு கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே 14 மாதம் ஓடிவிட்டது.

இதற்கு நடுவில் எங்கள் ஆத்தா ஒரு பக்கம். எங்கள் தெருவில் ஒருவர் இளைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டு, முகம் ஊதி, இடுப்பு எலும்பு போய்ப் படுத்துவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து "அந்த மருந்து எலும்பைக் கரைச்சிடும்டா" என்று தினம் ஒரு தரம் சொல்லிவிடும். அதனால் பயந்து பயந்து பொட்டு வைக்கிற மாதிரிதான் தொட்டு வைப்பேன். கொஞ்சம் அடங்கினால் விட்டுவிடுவேன். அரித்தால் மறுபடி தொட்டு வைப்பேன். நேற்று ஜன்னல் மாடத்தில் கிடந்த காலி டியூப்களை எண்ணினேன். 30 கிராம் டியூப், ஒன்பது இருந்தது.

இப்போது எனக்கு மூன்று பயம். ஒன்று, புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. நரம்பு தெரிகிறது, கண்ணாடி விளிம்பு லேசாகப் பட்டாலே கிழிகிறது. இரண்டு, முன்னால் ஐந்து நாளில் கேட்டது இப்போது பத்து நாளானாலும் கேட்கவில்லை. கொத்தனார் ஒருவர் சொன்னாரென்று ராத்திரி களிம்பு போட்டு மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டும் படுத்தேன். அப்போது கேட்டது, பிறகு அதுவும் இல்லை. மூன்றாவது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தொடை இடுக்கில் படர்தாமரை மாதிரி ஒரு வட்டம் வந்தது. இதே டியூப்பைத்தான் போட்டேன். அரிப்பு உடனே நின்றது. ஆனால் இப்போது வட்டத்துக்குள் வட்டமாக இடுப்பு வரை ஏறியிருக்கிறது. இடுக்கில் கோடு கோடாகவும் தெரிகிறது.

அடியோடு நிறுத்திவிடலாமா? பவர் குறைந்ததாக வாங்கிப் போடலாமா? வேலையை விடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வளவு முழுக்கக் கல் மாற்றுகிறார்கள், எட்டுக்கு எட்டு அங்குலக் கல், அந்த ஆர்டர் என் கையில்தான் இருக்கிறது.


பதில்: தேவகோட்டை மருந்துக்கடை (ஓய்வு)

தம்பி, 31 வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். டாக்டர் இல்லை. அதனால் உங்கள் டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை நீங்கள் எப்படி மாற்றிவிட்டீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரைக்கும் ஒரு கோடாகக் களிம்பைப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். ஒரு கைக்கு, முன்னும் பின்னும் சேர்த்து, அது போதும். இரண்டு கைக்கு 1 கிராம். ராத்திரி ஒரு வேளை என்று 14 நாள் போட்டால் 14 கிராம், ஒரு டியூப்பில் பாதிகூட ஆகாது. நீங்களோ பயந்து பயந்து 270 கிராம் தீர்த்திருக்கிறீர்கள். டாக்டர் எழுதியதைப் பத்தொன்பது தரம் முழுசாகப் போட்டதற்குச் சமம். அப்படியும் ஒரு தரம்கூட முழுசாகப் போடவில்லை. எரிகிற அடுப்பில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருக்கிறீர்கள், ஒரு செம்பு ஊற்றி அணைக்கவில்லை. உள்ளே வீக்கம் தணியாமலே இருக்கிறது, மருந்தும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. குணமும் இல்லை, கெடுதல்தான் மிச்சம்.

இரண்டாவது, எந்த மருந்து, எந்தத் தோல் என்பது. ஸ்டீராய்டு களிம்பு என்பது ஒரே சரக்கு இல்லை. ஹைட்ரோகார்டிசோன் அடிப்படி. உங்கள் குளோபெட்டசால் உச்சிப்படி, ஹைட்ரோகார்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியம் என்று சொல்வார்கள். தடித்த உள்ளங்கைக்கு அது தேவைதான், டாக்டர் தப்பாக எழுதவில்லை. ஆனால் புறங்கைத் தோல் வேறு, இடுக்குத் தோல் வேறு. ஹைட்ரோகார்டிசோனை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்கை ஒரு பங்கு உறிஞ்சுகிற இடத்தில் உள்ளங்கை அதைவிடக் குறைவு, விதைப்பை 42 பங்கு. கைக்கு வாங்கிய டியூப்பை நீங்கள் எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று பாருங்கள். மேலே பிளாஸ்டிக்கும் கட்டினால் உறிஞ்சுவது பத்து மடங்கு வரை ஏறும். டாக்டர் சொல்லிச் செய்வது வேறு, கொத்தனார் சொல்லிச் செய்வது வேறு.

அந்த வட்டம் படர்தாமரையாகத்தான் தோன்றுகிறது. அது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பை நிறுத்தும், கூடவே பூஞ்சையை எதிர்க்கிற சக்தியையும் படுக்கவைத்துவிடும். பூஞ்சைக்குக் காவலில்லாத வீடு கிடைத்த மாதிரி. வட்டத்துக்குள் வட்டம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை அப்படித்தான் கோலம் போடும். அங்கே அதை இன்றோடு நிறுத்துங்கள். "மூன்றும் சேர்ந்தது" என்று ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து கலந்த டியூப்பை யாராவது நீட்டினால் அதையும் வாங்காதீர்கள். டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், ஐந்து நிமிஷ வேலை. உள்ளங்கையையும் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். களிம்பு கேட்காமல் போவதற்கு உடம்பு பழகிவிட்டது என்பார்கள், அதுவும் உண்டு. ஆனால் பல நேரம் காரணம் வேறு. அடியில் பூஞ்சை இருக்கும், இல்லை கரப்பானைக் கிளப்பிவிட்ட பொருள் இன்னும் கையிலேயே இருக்கும். உங்களுக்கு அது சிமெண்ட் என்று நினைக்கிறேன். காரம் ஒரு பக்கம் அரிக்கும், அதிலிருக்கும் குரோமியம் சிலருக்கு அலர்ஜியாகவே மாறிவிடும். ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் அந்தக் குரோமியம் 2 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கை, தாண்டக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். எந்தப் பொருள் அலர்ஜி என்று கண்டுபிடிக்க, முதுகில் ஒட்டுப் போட்டு 48 மணி, 96 மணி கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது, கேளுங்கள்.

ஆத்தாவிடம் சொல்லுங்கள், மாத்திரை வேறு, களிம்பு வேறு. அளவோடு கையில் போடுகிற களிம்பு எலும்பைக் கரைக்காது. ஆனால் இந்தக் குளோபெட்டசாலையே வாரம் 50 கிராமுக்கு மேல், இல்லை இரண்டு வாரத்துக்கு மேல் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டே போனால் உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு படுத்துவிடலாம். அதனால் ஆத்தா சொல்வது முழுப் பொய்யும் இல்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சீட்டில்லாமல் நானும் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச்சில் சேர்த்து, சீட்டில்லாமல் தரக் கூடாது என்றது. அதற்கப்புறமும் கடைக்குக் கடை என்ன நடக்கிறது என்பது உங்கள் ஜன்னல் மாடத்திலேயே தெரிகிறதே.


பதில்: கோட்டையூர் பலகார ஆச்சி

தம்பி, எனக்கும் கைதான், ஆனால் சிமெண்ட் இல்லை. கல்யாண வீடுகளுக்கு மணகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் போட்டுக் கொடுக்கிறேன். கூடவே சமையலுக்கும் போவோம். இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், இந்த மூன்றின் நுனி மட்டும் வறண்டு வெடித்து ரத்தம் வரும். வலது கையில் ஒன்றுமே இருக்காது. நானும் களிம்பு, விளக்கெண்ணெய், மஞ்சள், எதையும் விடவில்லை. இரண்டு வருஷம்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா கையைப் பார்த்ததுமே மருந்து எழுதவில்லை. "ஆச்சி, பூண்டு உரிக்கிறமாதிரி காட்டுங்க" என்றார். காட்டினேன். இடது கை மூன்று விரலில் பூண்டு, வலது கையில் கத்தி. அவர் என் விரலைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பேட்ச் டெஸ்டிலும் பூண்டுதான் வந்தது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் கொடுத்த களிம்பை அளந்து போட்டேன். ஆறிவிட்டது. இப்போது சனி, ஞாயிறு ராத்திரி மட்டும் போடச் சொல்லியிருக்கிறார். மற்ற நாளில் பாத்திரம் கழுவி முடித்ததும், குளித்து ஈரம் காய்வதற்குள், வெறும் வாசலின். ஒரு டியூப் நாலு மாதம் வருகிறது. பூண்டை உறை போட்டு உரித்தாலும் அந்தச் சத்து பெரும்பாலான உறையைத் தாண்டி வந்துவிடுமாம், அதனால் பூண்டு பக்கமே போவதில்லை, கூட வருகிற பிள்ளை உரிக்கும். அது வரமாட்டேன் என்று சொன்ன நாளில் நான் உட்கார்ந்து அரைக் கிலோ உரித்தேன். நாலாம் நாள் விரல் பழையபடி வெடித்துவிட்டது. களிம்பு மேல் என்ன குற்றம்?

வேலையை விடச் சொல்லவில்லை தம்பி. கலவை பிசைகிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நீ அச்சு ஊற்றக் கூடாதா? உறை போட்டால் உள்ளே பருத்தி உறை ஒன்று போட்டு, அதற்கு மேல் ரப்பர் போடு. உள்ளே சிமெண்ட் விழுந்தால் உடனே கழற்றிவிடு. ஈரச் சிமெண்டை உள்ளே வைத்துக்கொண்டு உறை போடுவதற்கு வெறுங்கையே மேல்.


பதில்: இயற்கை வழி

ஸ்டீராய்டு என்றாலே விஷம். இத்தனை விளக்கம் எதற்கு? எங்கள் பக்கம் ஒருவர் பச்சைக் களிம்பு தருகிறார், முழுக்க மூலிகை. மூன்றே நாளில் கரப்பான் காணாமல் போகும். டப்பாவில் பெயர்கூட இருக்காது, அவ்வளவு சுத்தமானது. முகவரி வேண்டுமானால் கேளுங்கள்.


பதில்: தேவகோட்டை மருந்துக்கடை (ஓய்வு)

ஐயா, தேங்காய் எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் நான் விரோதி இல்லை, வறண்ட தோலுக்கு நல்லதுதான். ஆனால் பெயரில்லாத டப்பா, மூன்றே நாளில் கரப்பான் மாயம் என்றால் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. மூலிகை என்று விற்ற களிம்புகளைப் பல நாடுகளில் பரிசோதித்தபோது உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்கிறது, அதிலும் குளோபெட்டசாலே இருந்திருக்கிறது. விஷம் என்று நீங்கள் சொல்கிற அதுவேதான், வீரியம் எழுதாமல், அளவு சொல்லாமல். 1952-ல் நியூயார்க்கில் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிக் குணம் காட்டினார்கள். அதற்கு முன்னால் கரப்பானுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தைக் கடையில் அனுபவித்தவன் நான். திரும்பப் போக மனசில்லை.

முகவரி வேண்டாம்.


பதில்: பள்ளத்தூர் டீச்சர்

நான் இரண்டு பக்கமும் அடிபட்டவள், அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்னால் முகத்தில் கொஞ்சம் மங்கு இருந்தது. கடையில் "கல்யாணப் பெண்களெல்லாம் இதைத்தான் வாங்குறாங்க" என்று ஒரு கிரீம் கொடுத்தார்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் கலந்தது. மங்குக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் போடுகிற மருந்து அது. நான் எட்டு மாதம் போட்டேன். கல்யாண ஆல்பத்தில் முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நிறுத்திய மூன்றாம் நாள் முகம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. வெயிலில் நிற்க முடியாது, அடுப்படியில் நிற்க முடியாது. பரு, கன்னத்தில் பூனை முடி. எரிச்சல் தாங்காமல் மறுபடி போட்டேன், அடங்கியது. அதுதான் பொறி. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வேறு மருந்து கொடுத்து, வெளியே வர ஐந்து மாதம் ஆனது. மூக்கோரத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் இன்னும் தெரிகிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொல்லத்தான் வெட்கம். என் பையனுக்கு இரண்டு வயதில் முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் கரப்பான் வந்தது. டாக்டர் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் எழுதினார், இருப்பதிலேயே லேசானது. என் முகத்தை நினைத்துக்கொண்டு நான் டியூப்பைத் திறக்கவே இல்லை. பிள்ளை ராத்திரி முழுக்கச் சொறிந்து, மூன்றாம் வாரம் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அங்கே நர்ஸ் விரல் நுனி அளவெடுத்துப் பூசிக் காட்டினார். ஐந்து நாளில் பிள்ளை தூங்கினான். நானும் தூங்கினேன்.

பயத்தால் என் முகத்துக்கு எதுவும் ஆகவில்லை, பயமில்லாததால்தான் ஆனது. பிள்ளைக்கு நேர்மாறு.


பதில்: ஆத்தங்குடி டைல்ஸ்காரன்

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லோரும் இவ்வளவு எழுதியதற்கு நன்றி. டாக்டரிடம் திரும்பப் போனேன். ஒன்பது டியூப்பையும் பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன், ஒவ்வொன்றாக நிமிர்த்தி வரிசையாக வைத்தார், ஒன்றும் பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

இடுக்கில் சுரண்டிப் பார்த்தார். பூஞ்சைதான். மாத்திரையும், ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் கொடுத்திருக்கிறார். வட்டம் சுருங்குகிறது. ஆனால் அந்தக் கோடுகள் போகாதாம், நிறம் மட்டும் மங்குமாம். உள்ளங்கையில் பூஞ்சை இல்லை. பேட்ச் டெஸ்டில் குரோமியம் வந்தது, 96 மணி கழித்து முதுகில் ஐந்து பைசா அளவுக்குத் தடித்திருந்ததாக மனைவி சொன்னாள்.

உள்ளங்கைக்கு அதே குளோபெட்டசால், இந்தத் தரம் 14 நாள் முழுசாக, விரல் அளவில். இப்போது சனி, ஞாயிறு மட்டும். புறங்கைக்கு அதைத் தொடவே கூடாது என்று டாக்ரோலிமஸ் எழுதினார். அது தோலை மெலிய வைக்காதாம். முதல் நாலு நாள் எரிந்தது, விலையும் எரிகிறது. புறங்கை தேற மாதக்கணக்கில் ஆகும் என்றார். கலவையைத் தம்பி மகன் பிசைகிறான். நான் கலர் ஊற்றுவதோடு சரி. கானாடுகாத்தான் வளவில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

ரேஷன் கடையில் போன வாரம் நாலாவது தரம் வைத்ததில் விரல் எடுத்தது. ஆத்தா இன்னும் நம்பவில்லை. நான் களிம்பு போடும்போது எதிரில் உட்கார்ந்து விரலை அளக்கிறதா என்று பார்க்கிறது.

ஆச்சி, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பருத்தி உறை எங்கே வாங்கினீர்கள்? இங்கே கேட்டால் டிராபிக் போலீஸ் போடுகிற வெள்ளை உறையைக் காட்டுகிறார்கள்.


பதில்: கோட்டையூர் பலகார ஆச்சி

அதேதான் தம்பி. ஆறு ஜோடியாக வாங்கு, தினம் துவைத்துப் போட வேண்டும்.